நாற்றத்துக்கு ஓடாத மூக்கு

1

ஆய்வுக்கூடத்தில் அபாயச் சங்கு ஊதியபோது எல்லோரும் வெளியே ஓடிப்போய்ப் புல்வெளியில் நின்றார்கள். நான் மட்டும் உள்ளே உட்கார்ந்து ஆம்பூரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று நாங்கள் நெதர்லாந்துக்கு வந்து சேர்ந்த தேதி. ஒவ்வொரு வருஷமும் அந்தத் தேதியில் என் வீட்டுக்காரர் ஜெயராஜ், "இன்னும் ஒரு வருஷம் ஓட்டிட்டோம் எஸ்தர்" என்று ஜெயில் தண்டனையைக் கழித்தவர் மாதிரிப் பெருமூச்சு விடுவார். "உங்கள யாரு இருக்கச் சொன்னது?" என்பேன் நான். அதோடு கொண்டாட்டம் முடிந்தது. அவரவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவோம். அன்றும் அப்படித்தான் கிளம்பினேன். வழியெல்லாம் ஊர் நினைப்பு. அதனால், வேலை மும்முரத்தில் இருந்தபோது அழுகின முட்டை வாடை லேசாக மூக்கில் ஏறியதும், அட, ஒரு நினைப்புக்கு இவ்வளவு சக்தியா என்று எனக்குப் புல்லரித்துவிட்டது. அந்த நினைப்பில் சங்குச் சத்தமும் காதில் ஏறவில்லை.

ஆம்பூர் வழியாக ரயிலில் போயிருப்பவர்களுக்கு நான் சொல்வது புரியும். பெட்டியில் மற்றவர்கள் கர்சீப்பை எடுத்து மூக்கில் வைக்கும்போது, "ஊர் வந்துடுச்சி, மூட்டைய எறக்கு" என்று எழுந்து நிற்கிற ஜாதி நாங்கள். தோலிலிருந்து மயிரை எடுப்பதற்குச் சுண்ணாம்போடு ஒரு கந்தக உப்பைச் சேர்ப்பார்கள். அதிலிருந்து கிளம்புகிற வாடை அது. எங்கள் பக்கம் தோல் பதனிடும் தொழிற்சாலையை ஷாப் என்றுதான் சொல்வது. அப்படி ஒரு ஷாப்பின் பின்சுவரை ஒட்டித்தான் எங்கள் வீடு. அந்த வாடையில்தான் சாப்பிட்டேன், தூங்கினேன், பரீட்சைக்குப் படித்தேன், ஞாயிற்றுக்கிழமை தலையில் பூ வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். வாடை அடிக்கிறது என்று யாராவது சொன்னால், "அப்படியா?" என்று கேட்போம்.

கதவு படாரென்று திறந்தது. எங்கள் கட்டடத்தின் பாதுகாப்பு அதிகாரி ஹெங்க், முகமூடி மாட்டிக்கொண்டு உள்ளே வந்து, என் கையைப் பிடித்துத் தரதரவென்று வெளியே கூட்டிப்போனார். ஆள் ஆறடிக்கு மேல். நான் அவர் இடுப்புக்குச் சற்று மேலே. புல்வெளியில் நின்றவர்களுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

"வாடை தெரியவில்லையா உனக்கு?" என்று கேட்டார் ஹெங்க், முகமூடியைக் கழற்றியபடி.

"தெரிந்தது."

"தெரிந்ததா? பிறகு ஏன் உட்கார்ந்திருந்தாய்?"

என்ன சொல்வது? பொய் சொல்ல வேண்டுமானால் கூட அதற்கு நல்ல டச்சு மொழி வேண்டும். "வீட்டு ஞாபகம் வந்தது" என்று உள்ளதைச் சொன்னேன். என்னோடு வேலை செய்கிற இத்தாலிக்காரி பாவொலா குபீரென்று சிரித்துவிட்டாள். ஹெங்க் சிரிக்கவில்லை.

2

"தோல் படிச்சவ நட்சத்திரத்துக்கு எப்டி போன?" என்று பேரணாம்பட்டுச் சித்தி போன லீவில் கேட்டாள். சித்திக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

நான் படித்தது தோல் தொழில்நுட்பம். பிறகு சென்னையில் பொருளறிவியலில் ஆராய்ச்சி. பதனிடும்போது போடுகிற குரோமியம் தோலின் நாரில் எப்படிப் போய் ஒட்டுகிறது என்று அகச்சிவப்பு ஒளியை விட்டுப் பார்ப்பதுதான் வேலை. ஒவ்வொரு பொருளும் அந்த ஒளியில் தனக்கு வேண்டிய துண்டைத் தின்றுவிட்டு மீதியை வெளியே விடும். எந்தத் துண்டு காணோம் என்று பார்த்து, உள்ளே இருப்பது இன்னது என்று சொல்லிவிடலாம். இங்கே ஒரு பேராசிரியருக்கு அதே கருவியில் கை பழகிய ஆள் தேவைப்பட்டது. அவருக்குத் தோல் வேண்டாம், பனி வேண்டும்.

நட்சத்திரங்களுக்கு நடுவே இருட்டு மேகங்கள் இருக்கின்றன. மேகத்துக்குள் தூசு, தூசின் மேல் பனி. அந்தப் பனியில் எதோடு எது சேர்ந்து என்ன உண்டாகிறது என்பதுதான் கேள்வி. அங்கே போய்ப் பார்க்க வழியில்லை. ஆகவே ஓர் எஃகுப் பாத்திரத்தில் இருக்கிற காற்றை எல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்டு, உள்ளே ஒரு சின்னத் தகட்டை நினைத்துப் பார்க்க முடியாத குளிருக்குக் கொண்டுபோய், அதன் மேல் துளி வாயுவை ஊதுவோம். கண்ணாடியில் மூச்சு விட்டால் படியும் ஆவியைவிட மெல்லிசாகப் பனி படியும். அதன் மேல் புற ஊதா ஒளியை விட்டுவிட்டு நாள் பூராவும் உட்கார்ந்து பார்க்க வேண்டியதுதான்.

இதில் கந்தகத்தின் கதை மட்டும் தனி. வானத்தில் இவ்வளவு கந்தகம் இருக்க வேண்டும் என்று கணக்கு இருக்கிறது. இருட்டு மேகங்களுக்குள் தேடினால் அதில் கொஞ்சூண்டுதான் கண்ணில் படுகிறது. மீதி எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியாது. பனிக்குள் வேறு வேஷத்தில் ஒளிந்திருக்கிறது என்பது எங்கள் பேராசிரியரின் சந்தேகம். அதைத் தேடுகிற பொறுப்பை என்னிடம் கொடுத்திருந்தார். தேடுவதற்குக் கையில் எடுக்க வேண்டியது ஹைட்ரஜன் சல்ஃபைடு, அதாவது எங்கள் ஊர் முட்டை வாடை. சென்னை, விமானம், விசா எல்லாம் தாண்டி வந்து நின்றால் அது எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருக்கிறது.

இதை ஜெயராஜிடம் சொன்னபோது அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "டேலி ஆவலயா? சஸ்பென்ஸ் அக்கவுண்ட்ல போட்டுட்டு அடுத்த வருஷம் பாத்துக்கோ" என்றார். அவர் ராணிப்பேட்டைக்காரர். கணக்கியலில் ஆராய்ச்சி செய்கிறார். கணக்கில் இடிக்கிற தொகையைத் தற்காலிகமாகத் தள்ளி வைக்கிற இடத்துக்குத்தான் அந்தப் பெயர். நான் சிரித்தேன். ஆனால் அவருடைய ஆராய்ச்சியும் ஏறக்குறைய இதேதான். தோல் ஷாப்பும் ரசாயனக் கம்பெனியும் வருஷா வருஷம் லாப நஷ்டம் எழுதுகின்றன. பக்கத்தில் கெட்டுப்போன கிணறு மட்டும் எந்தப் பக்கத்திலும் வருவதில்லை. அதையும் எழுதினால் கம்பெனியின் மதிப்பு என்ன ஆகும், வங்கி எதை நம்பிக் கடன் கொடுக்கும் என்று அவர் வாதாடிக்கொண்டிருக்கிறார். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் காணாமல்போன கந்தகத்தையும் காணாமல்போன கிணற்றையும் பற்றித்தான் பேச்சு.

சங்கு ஊதிய அன்று சாயங்காலமே ஹெங்க் என்னிடமிருந்து வாயு அறையின் சாவியை வாங்கிக்கொண்டார். கழன்றிருந்தது ஒரு சின்ன இணைப்புத்தான். கசிந்ததும் கொஞ்சம்தான். அளக்கிற கருவி கூடக் கத்தவில்லை. தாழ்வாரத்தில் போன பாவொலாவின் மூக்குத்தான் கண்டுபிடித்தது. சங்கை ஊதவிட்டதும் அவள்தான். "கொஞ்சமாக இருக்கும்போதுதான் மூக்கு உதவும். ஜாஸ்தியானால் இந்த வாயு முதலில் மூக்கைச் சாகடிக்கும், அதற்கப்புறம் ஆளை. வாடை வந்தும் ஓடாதவளை நான் எப்படி உள்ளே விடுவது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதனாலேயே எனக்குக் கடுப்பு ஜாஸ்தியாக இருந்தது.

சாவி போனால் சோதனை இல்லை. சோதனை இல்லையென்றால் குளிர்காலம் முடிகிறபோது முடிகிற என் ஒப்பந்தத்தை நீட்டிக்க மாட்டார்கள். ஒப்பந்தம் இல்லையென்றால் தங்கும் அனுமதி இல்லை. என் அனுமதியின் வாலைப் பிடித்துக்கொண்டுதான் ஜெயராஜும் எங்கள் மகள் நிம்மியும் இங்கே இருந்தார்கள். அவருடைய ஆராய்ச்சி பாதியில் நின்றுவிடும். நிம்மியின் பள்ளிக்கூடமும். இவ்வளவும் என் ஒரு மூக்கின் மேல் வந்து நின்றது.

3

இந்த நாட்டு அலுவலகங்களைப் பற்றி ஒன்றிரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஊரில் தாலுக்கா ஆபீசைத் திட்டுகிறவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள்.

முதல் நாளே குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார்கள். இல்லை என்றேன். "எல்லோருக்கும் இருக்கும்" என்றாள் கவுண்டரில் இருந்த பெண், நான் எங்கேயோ பத்திரமாக ஒளித்து வைத்திருக்கிறேன் என்கிற மாதிரி. இனிஷியலை விரித்து நைனாவின் பெயரைச் சொன்னேன். எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்போம். அன்றிலிருந்து எனக்கு வருகிற கடிதம் எல்லாம் திருமதி தேவசகாயத்துக்குத்தான் வருகிறது. போனில் நைனாவிடம் சொன்னேன். "அப்ப நான் அங்க ஃபேமஸா?" என்று கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். கில்டர் போய் யூரோ வந்தது. நாட்டின் பணமே பெயர் மாறிவிட்டது. நான் இன்னும் தேவசகாயம்தான்.

ஆய்வுக்கூடத்தில் வேறு மாதிரிப் பேஜார். இங்கே பேராசிரியரையும் பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். எனக்கு நாக்கு வரவில்லை. முதல் வருஷம் முழுவதும் நான் அவரை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. ஏதாவது கேட்க வேண்டுமானால் அவர் எதிரில் போய் நிற்பேன், அவர் நிமிர்ந்து பார்க்கும் வரைக்கும். தமிழ்ப் பெண்கள் மிகவும் பொறுமைசாலிகள் என்று அவர் யாரிடமோ பாராட்டிச் சொன்னாராம்.

நிம்மிக்கு இந்தச் சங்கடம் ஒன்றும் கிடையாது. அவள் டச்சில் கனவு காண்கிறாள். தூக்கத்தில் பேசும்போது கேட்டிருக்கிறேன். தமிழில் கேட்டால் டச்சில் பதில் வரும். போன தடவை ஆம்பூருக்குப் போனபோது ஸ்டேஷனில் இறங்கியதும் துப்பட்டாவால் மூக்கை மூடியவள், திரும்ப ரயிலேறும்வரை எடுக்கவில்லை. பெரியம்மா பிள்ளைகள், "இன்னா நிம்மி, கொள்ளைக்காரி மாறி கீற?" என்று கேலி செய்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெற்ற பெண்ணுக்கு என் ஊரின் மூச்சுக்காற்று ஆகவில்லையே என்று உள்ளுக்குள் அறுத்தது. குழந்தையின் மேல் தப்பில்லை. அங்கே நாறுகிறது, அவள் மூக்கைப் பொத்தினாள். ஒழுங்கான மூக்கு அப்படித்தான் செய்யும்.

4

மூக்குக்குப் பரிசோதனை உண்டு என்று அதுவரை எனக்குத் தெரியாது. ஹெங்க் என்னைப் பல்கலைக்கழக மருத்துவரிடம் அனுப்பினார். வெள்ளைத் தலையோடு ஒரு டாக்டரம்மா. ஸ்கெட்ச் பேனா மாதிரி வரிசையாகக் குச்சிகள் வைத்திருந்தார். ஒவ்வொன்றாகத் திறந்து மூக்கடியில் நீட்டுவார். என்ன வாசனை என்று நான் சொல்ல வேண்டும்.

கிராம்பை நீட்டினார். "பல்வலி" என்றேன். அந்த அம்மாள் பேனாவைத் திருப்பிப் பார்த்தார். கிராம்புத் தைலத்தைப் பல்லில் வைப்போம் என்று விளக்கினேன். அடுத்து, இந்த ஊர்க்காரர்கள் மிட்டாயாகத் தின்கிற அதிமதுரம். "இருமல் மருந்து" என்றேன். பைன் மரம் என்று ஒன்று வந்தது. "ஆஸ்பத்திரித் தரை" என்றேன். அம்மா நர்ஸாக இருந்த வேலூர் ஆஸ்பத்திரியின் வராண்டா அப்படியே கண் முன்னால் வந்துவிட்டது. டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

கடைசியில் அழுகின முட்டையையும் நீட்டினார். வேண்டுமென்றே மிக மிக லேசாக. நான் உடனே சொல்லிவிட்டேன்.

"உன் மூக்குக்கு ஒரு குறையும் இல்லை. பாதிப் பேருக்கு இந்த அளவில் தெரியாது" என்றார் அவர். "இந்த வாடைக்கு உனக்குப் பயம்தான் இல்லை. அதற்கு என்னிடம் மருந்து கிடையாது."

நான் ஜெயித்துவிட்ட மிதப்பில் அந்தச் சான்றிதழை ஹெங்கிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, "இது இன்னும் மோசம்" என்றார். மூக்கு கெட்டிருந்தால் வேறு கருவி வைக்கலாமாம். நன்றாகத் தெரிந்தும் உட்கார்ந்திருக்கிற ஆளை என்ன செய்வது என்று கேட்டார். வீட்டுக்கு வந்து ஜெயராஜிடம் எரிந்து விழுந்தேன். "என்னாத்துக்கு என்மேல பாயற? நானா சாவிய வாங்கினேன்?" என்றார் பாவம். பிறகு சூட்கேஸ் எல்லாம் பரணில்தானே இருக்கிறது என்று சாதாரணமாகக் கேட்கிற மாதிரிக் கேட்டார்.

5

முடிவு செய்வதற்கென்று ஒரு கூட்டம் போட்டார்கள். பேராசிரியர், ஹெங்க், பாவொலா, நான். கண்ணாடிச் சுவருக்கு வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. இந்த ஊரில் அது செய்தி இல்லை.

பேராசிரியர் எனக்காகப் பேசினார். கருவி மாற்றலாம், குழாய் மாற்றலாம் என்றார். பாவொலாவும் பேசினாள். ஹெங்க் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். மனிதர் கெட்டவர் இல்லை. எங்கள் சோதனையைக் கெடுக்க வேண்டும் என்ற எண்ணமும் அவருக்குக் கிடையாது. அவர் என் பக்கம் திரும்பி, உண்மையிலேயே தெரிந்துகொள்ளும் ஆசையில்தான் கேட்டார்:

"உன் ஊரில் தினமும் இதே வாயு இருந்தது என்கிறாய். யாரும் பயப்படவில்லை என்கிறாய். அப்படியானால் அங்கே எல்லோரும் எப்படி உயிரோடு இருந்தீர்கள்?"

"எல்லாரும் இருக்கல" என்றேன்.

தமிழில்தான் வந்தது. கோபம் வந்தால் எனக்கு வேறு பாஷை வராது. மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள். பிறகு டச்சில் சொன்னேன். சொல்ல ஆரம்பித்ததும் நிறுத்த முடியவில்லை.

எதிர் வீட்டில் சேகர் அண்ணன் என்று ஒருவர் இருந்தார். நைனா சூப்பர்வைசராக இருந்த அதே ஷாப்பில், தோலைப் போட்டுச் சுழற்றுகிற டிரம்மை ஓட்டுகிற வேலை. தெருவில் எல்லோருக்கும் தோஸ்த். கிறிஸ்மஸுக்கு எங்கள் வீட்டு வாசல் மரத்தில் ஸ்டார் கட்டுவது அவர்தான். எட்டாத கிளைக்கு என்னைத் தோளில் தூக்கி ஏற்றிவிடுவார். நான் பள்ளிக்கூடத்தை முடிக்கிற வருஷம். கழிவுத் தண்ணீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய ஓர் ஆள் இறங்கினார். இறங்கிய ஆள் விழுந்துவிட்டார். அவரைத் தூக்கச் சேகர் அண்ணன் குதித்தார். இரண்டு பேரும் மேலே வரவில்லை. வாடை இருவருக்கும் நன்றாகத் தெரிந்துதான் இருந்தது. தினமும் தெரிகிற வாடைதானே.

அதற்குப் பிறகு அந்த ஷாப்பில் வேலை செய்கிறவர்கள் தங்களுக்குள்ளேயே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். யாரும் சட்டம் போடவில்லை. உள்ளே இறங்குகிற ஆளின் இடுப்பில் கயிறு. தொட்டியின் வாயருகே இன்னொருவர். அவர் வேறு வேலை எதுவும் பார்க்கக் கூடாது. "இருக்கியா?" என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். உள்ளே இருப்பவர் "இருக்கேன்" என்று குரல் கொடுக்க வேண்டும். குரல் வரவில்லையென்றால் கயிற்றை இழுக்க வேண்டும். என்ன ஆனாலும், பெற்ற பிள்ளையே உள்ளே இருந்தாலும், மேலே நிற்கிறவர் கால் வைத்து இறங்கக் கூடாது.

சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கியா, இருக்கேன் என்று கேட்டுக்கொண்டே இருக்கும். நான் அந்தச் சத்தத்தில்தான் வேதியியல் படித்தேன். "இருக்கேன்" வரக் கொஞ்சம் தாமதமானால், அம்மா அரிந்துகொண்டிருந்த வெங்காயத்தை அப்படியே நிறுத்திவிடுவாள். குரல் வந்த பிறகுதான் மறுபடி கத்தி நகரும்.

"எங்களுக்குப் பயம் இல்லை என்று யார் சொன்னது?" என்று ஹெங்கிடம் கேட்டேன். "நாங்கள் பயத்தை மூக்கில் வைக்கவில்லை. மூக்கை நம்பியிருந்தால் இன்னும் எத்தனை பேர் போயிருப்பார்களோ."

இத்தனை வருஷத்தில் இங்கே யாரிடமும் சேகர் அண்ணனைப் பற்றி நான் பேசியதில்லை. பாவொலா என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஹெங்க் கண்ணாடியைக் கழற்றி ஸ்வெட்டர் நுனியில் வெகுநேரம் துடைத்தார்.

"மேலே நிற்கிறவர் இறங்கக் கூடாது என்பதுதான் முக்கியம், இல்லையா?" என்று கேட்டார்.

"ஆமாம்."

"கயிற்றுக்குப் பதிலாக வாயுவை மூடுகிற குழாயைக் கதவுக்கு வெளியே கொண்டுவந்துவிடலாம். வெளியே ஒரு நாற்காலி. ஒரு மனிதர். கூப்பிடுவது மட்டும் அவர் வேலை." பேராசிரியரைப் பார்த்தார். "அப்படியானால் எனக்குச் சம்மதம்."

வீட்டில் அன்று ஜெயராஜிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த நிம்மி காதைத் தீட்டி வைத்திருந்தது எனக்குத் தெரியவில்லை. படுக்கப் போகிற நேரத்தில் வந்து நின்றாள். "அம்மா, நீ செத்துட்டு இருப்பியா?" என்று கேட்டாள். தமிழில்தான். உடைந்த தமிழ். அவளை இழுத்து அணைத்துக்கொண்டேன். இலக்கணத்தைத் திருத்தத் தோன்றவில்லை.

6

வேலை போகவில்லை. ஒப்பந்தத்தை நீட்டித்தார்கள், அனுமதியும் வந்தது, திருமதி தேவசகாயத்தின் பெயரில். ஜெயராஜின் ஆராய்ச்சி முடியும் தறுவாயில் இருக்கிறது. ஊரில் சுத்திகரிப்பு நிலையம் வந்த பிறகு வாடை கொஞ்சம் கம்மி என்கிறார் நைனா. கிணற்றுத் தண்ணீர் இன்னும் வாயில் வைக்க முடியவில்லை என்கிறாள் அம்மா. இரண்டையும் எழுதிவிட்டேன். எனக்குச் சொல்ல வேண்டியது, சாவி திரும்பக் கிடைத்த முதல் நாளைப் பற்றித்தான்.

அன்று வெளியே உட்கார வேண்டிய பாவொலாவுக்குக் காய்ச்சல். வேறு யாருக்கும் நேரமில்லை. குளிரூட்டி ஓட ஆரம்பித்துவிட்டது. நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்து. நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, ஹெங்கே ஒரு பிளாஸ்க்கும் ரொட்டிப் பொட்டலமுமாக வந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"என்ன சொல்லிக் கூப்பிட வேண்டும்?" என்றார்.

"எது வேண்டுமானாலும். டச்சில் சொன்னால் போதும்."

"இல்லை. உங்கள் ஊரில் சொல்கிறபடி சொல்."

சொல்லிக் கொடுத்தேன். இருக்கியா. அவர் வாயில் அந்த 'ரு' அங்குமிங்கும் உருண்டது. தாழ்வாரத்தில் போகிறவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். மனிதர் லட்சியம் செய்யவில்லை. நான் உள்ளே போனேன். கதவுக்கு வெளியிலிருந்து அந்தக் கட்டைக் குரல் கூப்பிடும், நான் பதில் சொல்வேன், அவர் பிளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றிக்கொள்கிற சத்தம் கேட்கும். வாயு உள்ளே போயிற்று. பனி படிந்தது. புற ஊதா விளக்கைப் போட்டேன்.

மத்தியானத்துக்கு மேல் திரையில் ஓர் இடத்தில் கோடு லேசாகக் குழிந்தது. வாயுவுக்கு அந்த இடத்தில் வேலையில்லை. வெறும் பனிக்கும் வேலையில்லை. புதிதாக ஏதோ ஒன்று அங்கே பிறந்து ஒளியைத் தின்ன ஆரம்பித்திருந்தது. காணாமல்போன கந்தகத்தில் ஒரு சின்னத் துணுக்கு அது என்று உறுதியாவதற்குப் பிறகு மாதங்கள் ஆயின. அந்த நிமிஷத்தில் எனக்கு உலகமே அந்தக் குழிதான். மூக்குக்கண்ணாடி திரையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்துவிட்டேன். காதில் எதுவும் விழவில்லை.

யாரோ என் தோள் இரண்டையும் பிடித்து நாற்காலியோடு இழுத்தார்கள். ஹெங்க். முகத்தில் முகமூடி கூட இல்லை. வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

எனக்கு வந்ததே கோபம்! "வெளிய நிக்கிறவரு உள்ள வரக் கூடாதுன்னு எத்தினி வாட்டி சொன்னேன்! இன்னா மனுஷன்யா நீ! குழாய மூடணும், ஆளக் கூப்புடணும், உள்ள வரக் கூடாது! சேகர் அண்ணன் அப்டித்தான் போனாரு!" என்று கத்தினேன். முழுக்கத் தமிழில். அவரும் டச்சில் கத்தினார். நாலு தடவை கூப்பிட்டேன், பதில் இல்லை, பதில் சொல்வதுதானே உன் வேலை என்று. அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. நான் சொன்னதும் அவருக்குப் புரிந்திருக்கும். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் மாறி மாறித் திட்டிக்கொண்டோம்.

அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. விதியை எழுதிய மனிதர், விதியை மறந்துவிட்டு, முகமூடியை மறந்துவிட்டு, எனக்காக ஓடி வந்திருக்கிறார். இந்த நாட்டில் என் தாளைச் சரிபார்த்திருக்கிறார்கள், என் வேலையைப் பாராட்டியிருக்கிறார்கள், பண்டிகைக்குக் கேக் கொடுத்திருக்கிறார்கள். நான் செத்துப்போய்விடுவேனோ என்று ஒருவர் பயந்து இப்போதுதான் பார்க்கிறேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதேன், அதில் என்ன இருக்கிறது.

"மன்னித்துக்கொள்ளுங்கள். இனிமேல் பதில் சொல்வேன்" என்றேன்.

"நானும் இனிமேல் உள்ளே வர மாட்டேன்" என்றார் அவர். சொல்லிவிட்டு, என்னைத் தாண்டித் திரையைப் பார்த்தார். "அதுவா?" என்றார். "அதுதான்" என்றேன். தலையை ஆட்டிவிட்டு வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நாற்காலி கிறீச்சிட்டது. உட்கார்ந்த உடனே கூப்பிட்டார். அவசியமே இல்லை, இப்போதுதான் என்னைப் பார்த்துவிட்டுப் போனார்.

"இருக்கியா?"

"இருக்கேன்!" என்றேன், தாழ்வாரக் கடைசி வரைக்கும் கேட்கிற மாதிரி.